விதைக் குரக்கன்

மத்தியான வெயிலில், பற்றைப் புதருக்குப் பின்னால் வள்ளிப்பிள்ளை கசிப்புச் சாராயம் வடிக்கிறாள். காடு வெட்டிக் களைத்து வந்த கணவன் கதிர்காமு சிரட்டையில் ஒரு வாய் குடித்துப் பார்க்கிறான். அரிசியில் வடித்தால் மெல்ல இனிக்கும். சோளமென்றால் வழுவழுவென்று இறங்கும். இதுவோ காய்ந்த மண்ணைப்போலத் தொண்டையில் நிற்கிறது.

"குரக்கனோ?"

"ஓம்."

வீட்டில் இருந்தது விதைக்கென்று கட்டித் தொங்கவிட்ட குரக்கன், கொஞ்சம் கேழ்வரகு மட்டும்தான்.

"மழை வந்தா எதை விதைக்கிறது?"

அவள் அடுப்பிலிருந்து கண்ணெடுக்கவில்லை. "அவிச்சா பிள்ளையளுக்கு ரெண்டு நாளைக்குத்தான் காணும். இதை வித்தா ரெண்டு கிழமைக்கு, பதினாலு நாளைக்கும் அரிசி வாங்கலாம். மழை முதல்ல வரட்டும்."

சிரட்டையில் இன்னும் பாதி இருக்கிறது. அவன் அதைக் குடிக்காமல், ஒரு சொட்டும் சிந்தாமல், போத்திலுக்குள் ஊற்றுகிறான்.