ரெண்டே பக்கக் கதை

விருத்தாசலத்தில் பீங்கான் கம்பெனி ஒன்றில் சூளை பார்க்கும் வளவனுக்கு, வேலைக்கு நடுவே படிக்கக் குட்டிக் கதைகள் வேண்டும். பேயோ விண்வெளியோ, எதுவானாலும் சரி. மனைவி கயல்விழி எந்தக் கதையைக் கொடுத்தாலும், "நீளமா இருக்குது" என்று பாதியில் வைத்துவிடுவான். அலுத்துப்போன அவள் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு புத்தகத்தில் இரண்டே பக்கக் கதை ஒன்றைப் பிரித்து அவன் கையில் திணித்தாள். நிலவில் தன்னந்தனியாக மாட்டிக்கொண்ட ஒருவனின் கதை.

இட்லி அவித்துவிட்டு வந்தாள். அவன் இன்னும் முதல் பக்கத்திலேயே இருந்தான்.

"எழுத்துக் கூட்டியா படிக்கிறீங்க?"

"இரு, இப்பதான் அவன் பொண்டாட்டிக்குப் பிரசவம்."

"அதுல பொண்டாட்டியே கிடையாதுங்க!"

துணி துவைத்துக் காயப்போட்டு வந்தாள். "பேரனுக்குக் காது குத்துறாங்க" என்றான், தலை நிமிராமல்.

"புடிக்கலைன்னா சொல்லித் தொலைங்க. எங்கிட்டயே கதை வுடாதீங்க."

அவள் டீயோடு வந்தபோது புத்தகம் மூடியிருந்தது. அவன் கிழவனைப் போலச் சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தான்.

"முடிஞ்சுதா? அடுத்து எது வேணும்?" என்று எரிந்து விழுந்தாள்.

டம்ளரை வாங்காமல் அவள் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தான்.

"கயலு, நீ செத்து எத்தினி வருசமாச்சு" என்றான். "எப்ப வந்த?"