ஏழு வாளி

வியப்பு ஒரு வெப்பமண்டல வியாதி. நான் ஒஸ்லோவில் பிறந்தவன். எனக்கு அது தொற்றாது.

யப்பானிய மலை விடுதிக்குப் போகும் பேருந்தில் இதை அம்மாவுக்கு விளக்கினேன். மலை, பனி, சுடுதண்ணீர் என்ற மூன்றையும் காட்டித்தான் அந்த விடுதி இருநூறு வருடமாகப் பிழைக்கிறது. மூன்றும் ஒஸ்லோவின் ஓரத்தில், ட்வெய்ட்டாவில், எங்கள் அடுக்குமாடியில் உண்டு. மலை பல்கணியிலிருந்து தெரியும். சுடுதண்ணீர் குழாயில் வரும். பனியை நாங்களே அள்ளி ஓரமாகக் கொட்டுகிறோம். யாரும் வந்து படம் எடுப்பதில்லை.

"படிக்க வந்த இடத்திலை உனக்கு வாய்தான் வளர்ந்திருக்கு," என்றார் அம்மா.

படிக்க வந்தது உண்மை. பல்கலைக்கழகம் என்னை ஆறு மாதம் யப்பானுக்கு அனுப்பியிருந்தது. அம்மா என்னைப் பார்க்க வந்திருந்தார். அப்பா இல்லாமல் அவர் ஏறிய முதல் விமானம் அது.

விடுதி முற்றத்தில், பாறை இடுக்கிலிருந்து மூங்கில் குழாய் வழியாகத் தண்ணீர் புகைந்துகொண்டு விழுந்தது. அம்மா அதைப் பார்த்துக் கைகூப்பினார். வணக்கம் தனக்குத்தான் என்று நினைத்து விடுதிக்காரப் பெண்மணி குனிந்தார். அம்மா அவரையும் கும்பிட்டார். அவர் இன்னும் குனிந்தார். நான் இடையில் புகுந்திருக்காவிட்டால் அன்று ஒருவரும் இராச்சாப்பாடு சாப்பிட்டிருக்க முடியாது.

"கன்னியா மாதிரியே இருக்கு," என்றார் அம்மா.

அம்மா திருகோணமலைக்காரி. அங்கே கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகள். செத்தவருக்கான கடமையைச் செய்யச் சனம் அங்கேதான் போகும். ஏழிலும் அள்ளித் தலையில் ஊற்றும். சுடுநீர் ஊற்றைக் கண்டால் உலகம் துவாயைத் தேடும். அம்மா செத்தவீட்டைத் தேடுவார்.

பதினான்கு சின்னக் கிண்ணங்களில் சாப்பாடு வந்தது. அம்மா ஒன்றையும் தொடவில்லை.

"விடிய ஆம்பிளையளின்ரை பக்கம் குளிக்கப் போகேக்கை, அப்பான்ரை பேரைச் சொல்லி ஏழு வாளி ஊத்து."

"அம்மா, இது ஹோட்டல். சுடலை இல்லை. ஐயரையும் எள்ளையும் றூமுக்கு அனுப்புவினமோ எண்டு கேக்கட்டோ?"

"பகிடி விடாதை, தம்பி. அந்த மனுசனைக் குளிர்தண்ணிக்கை விட்டிட்டம்."

போன மார்ச்சில் அப்பாவின் சாம்பலை ஒஸ்லோக் கடலில் கரைத்தோம். கரையோரம் அப்போதும் ஐஸ் இருந்தது. அனுமதிப் படிவத்தில் இடம், திகதி, உறவுமுறை எல்லாவற்றுக்கும் கட்டம் இருந்தது. தண்ணீரின் சூட்டுக்கு இருக்கவில்லை. அப்பா யூன் மாதத்திலும் இரண்டு சோடிக் காலுறை போட்ட மனிதர்.

"அப்பாவுக்கு இனிக் குளிராது. அது விஞ்ஞானம். நான் ஊத்தமாட்டன்."

அம்மா என்னோடு வாதாடவில்லை. ஒரு கிண்ணத்தைப் பார்த்துச் சொன்னார்:

"நான் ஊத்தலாம். மகன்தானே ஊத்தவேணும்."

விடிய, ஆண்கள் பக்கத்தில் நான் ஒருவன்தான். கூரையில்லாத பாறைத் தொட்டி. பெண்கள் பக்கத்தைப் பிரிப்பது ஒரு மூங்கில் வேலி. அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. அம்மா கோபத்தில் குளிக்கவே வரவில்லை என்று நினைத்தேன்.

தொட்டிக்குள் இறங்க முன்னம், சின்ன மரப்பலகையில் குந்தி, வாளியால் ஊற்றிக் கழுவவேண்டும். விடுதியின் விதி. நோர்வேயில் வளர்ந்தவன் எதை நம்பாவிட்டாலும் விதியை நம்புவான். உடுப்பில்லாமல் பலகையில் இருந்தேன்.

அப்போது நீராவி விலகியது.

மலை நின்றது.

எதிரில் என்று சொல்லமுடியாது, மேலே. பனி சுமந்த மரங்கள் ஏறி, ஏறி, முகிலுக்குள் போன பிறகும் முடியவில்லை. பனி சத்தமில்லாமல் இறங்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு துகளும் தண்ணீரைத் தொட ஒரு சாண் இருக்கும்போதே இல்லாமல் போயிற்று. என் தலையில் பனி. காலடிக் கல்லில் சூடு.

ட்வெய்ட்டாவில் இதற்கு ஈடாக ஏதாவது இருக்கிறதா என்று தேடினேன்.

ஒரு பகிடியும் வரவில்லை.

குளிர்ந்தது. அதனால் ஒரு வாளி ஊற்றினேன். விதி.

சவர்க்காரம் போகவில்லை, இரண்டாவது. முதுகு விட்டுப்போயிற்று, மூன்றாவது. நாலாவதுக்குக் காரணம் கிடைக்கவில்லை. அதற்கடுத்ததில் உதடு தன்பாட்டில் அசைந்தது, சத்தமில்லாமல். அதற்கும் அடுத்ததில் மலை கலங்கித் தெரிந்தது. நீராவி என்று வைத்துக்கொண்டேன்.

போதும். வாளியைக் கவிழ்த்து வைத்தேன்.

வேலிக்கு அப்பாலிருந்து, மிகக் கிட்டவாக, ஒரு குரல் வந்தது.

"அது ஆறுதான், தம்பி."

வாளியை நிமிர்த்தினேன். நிரப்பினேன்.

அப்பாவின் பேரை, அந்தப் பக்கமும் கேட்கும்படி சொல்லிக்கொண்டு ஊற்றினேன்.