துரையின் மகள்

கண்டியிலிருந்து வழிகாட்டி சுதேஷ் கூட்டிவந்த ஜெர்மன் மூதாட்டி உர்சுலா, பன்வில தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் கல்லறை முன் நின்றாள்.

இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது, குண்டுகளில் எரிந்துபோன ஹம்பர்க்குக்குள் நுழைந்த பிரிட்டிஷ் சிப்பாய் அவர். இடிபாடுகளில் பசியோடு கிடந்த ஒரு பெண்ணுக்கு ரொட்டி கொடுத்துப் பழகினார். அவள் வயிற்றில் உர்சுலா இருக்கும்போதே இலங்கைக்கு வந்துவிட்டார்.

“தனக்கு மகள் இருப்பதாகத் துரை எப்போதாவது சொன்னாரா என்று இந்த அம்மா கேட்கிறார்,” என்றான் சுதேஷ், துரையின் பங்களாவில் வேலை செய்த கஜலட்சுமியிடம்.

“இல்லீங்க தம்பி.”

“சாகும்போதாவது?”

“எனக்குப் புள்ளகுட்டியே இல்லன்னுதான் சொன்னாரு.”

உர்சுலா விம்மினாள். கஜலட்சுமி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அழ வேணாம்னு சொல்லுங்க தம்பி. பக்கத்துல நின்ன என் முகத்தப் பாத்துத்தான் அதச் சொன்னாரு. எனக்கும் அவருதான் அப்பா.”