பச்சை விளக்கு

தீ விபத்தில் ஜெசிந்தாவின் முகம் உருமாறிவிட்டது, குரலும் கெட்டுவிட்டது. மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியில் கிடந்து அவள் திரும்பியபோது, கொழுந்தன் ராயன் கம்ப்யூட்டரில் தயாரித்த போலி உருவம் ஒன்று அவளுடைய பழைய முகத்தோடும் குரலோடும் தூத்துக்குடி பதிவு அலுவலகத் திரையில் தோன்றி, அவள் வீட்டை அவனுக்கு எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தது.

"நான்தான் ஜெசிந்தா," என்றாள் கரகரத்த குரலில்.

"யாரோ எவளோ, மேடம். எங்க மதினி திரையில இருக்காங்க, பாருங்க," என்றான் ராயன்.

அதிகாரி கயல்விழி, வீட்டைப் பதிந்த அன்று ஜெசிந்தா வைத்த கடவுச்சொல்லை இருவரிடமும் கேட்டார். உருவம் புன்னகைத்ததே தவிர பதில் சொல்லவில்லை.

"மறந்திருப்பாங்க. உங்க கம்ப்யூட்டர்லயே இருக்குமே, பாத்துச் சொல்லுங்க," என்றான் ராயன்.

"எங்ககிட்ட கடவுச்சொல் கெடையாது. அத அரைச்ச மாவுதான் இருக்கு. மாவுலருந்து அரிசியத் திரும்ப எடுக்க முடியாது. இப்ப போடுறதயும் அதே மாதிரி அரைச்சு, ரெண்டும் ஒண்ணான்னு பாக்கலாம், ஒண்ணா இருந்தா பச்சை விளக்கு எரியும், அவ்வளவுதான்."

ஜெசிந்தா வளைந்துபோன விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினாள். பச்சை விளக்கு எரிந்தது.

கயல்விழி திரையிலிருந்த உருவத்தை அணைத்துவிட்டு எழுந்து நின்றார். "உக்காருங்க, ஜெசிந்தா." பிறகு போலீஸை அழைத்தார்.

விபத்துக்குப் பின் முதன்முறையாக ஜெசிந்தா வாய்விட்டுச் சிரித்தாள்.

"இனிமே இதுதான் என் முகம், இதுதான் என் குரல். புதுசாப் பதிஞ்சுக்கோங்க, மேடம்."