துரையின் நீலச் சட்டை

“துரை வாயைத் தொறந்தா முத்து கொட்டிடுமோ?” என்று பெஞ்சைப் பார்த்துக் கத்தினார் ஃபிட்டர். அட்டைப்பெட்டி கம்பெனியின் வாலிபால் டீமுக்கு அவர்தான் கேப்டன்.

பெஞ்சில் இருந்தவன் மூட்டை தூக்கப் புதிதாகச் சேர்ந்தவன். மாநில அணியின் நீலச் சட்டையோடு வேலை கேட்டு வந்து நின்றான். சட்டையைப் பார்த்த மேனேஜர் ஒரு கேள்வியும் கேட்காமல் வேலையும் கொடுத்து, டீமிலும் சேர்த்துவிட்டார். அவனுக்கு இடம் கொடுக்க வெளியே போனது ஃபிட்டரின் மச்சான்.

டீமில் இருந்தால் சாயங்காலம் மூட்டை தூக்க வேண்டியதில்லை. மச்சான் இழந்த அந்தச் சுகம் இவனுக்கு வந்ததை ஃபிட்டரால் செரிக்க முடியவில்லை. ‘துரை’ என்று பட்டம் வைத்தார். பயிற்சியில் பந்தைத் தொடவே விடாமல் ஓரத்தில் உட்காரவைத்தார்.

“ஆட்டத்துல பாதி பேச்சுதான்டா. ‘எனக்கு’, ‘விடு’ன்னு கொரல் குடுக்கணும். நம்மகூடப் பேசினா தொரைக்கு மரியாதை கொறஞ்சிடுமே!” என்று டீமில் ஆடும் டிரைவரிடம் பொருமினார் ஃபிட்டர்.

“ஒரு நாள் பேசினானேண்ணே,” என்றான் டிரைவர்.

“என்னத்தப் பேசினான்? என் சட்டையில கிரீஸைப் பாத்துட்டு, ‘தண்ணியில போடாதீங்க, மொதல்ல மாவு தூவி வைங்க’ன்னான். நான் அழுக்கன்னு குத்திக் காட்டறான். பெரிய எடத்துல ஆடின திமிரு!”

விசில் ஒலித்தது. எதிரே லாரி டிப்போ டீம். இன்றைக்குத் தோற்றால் டீமையே கலைத்துவிடுவதாக மேனேஜர் சொல்லியிருந்தார். கலைத்தால் எல்லோருக்கும் சாயங்கால மூட்டைதான்.

துரையை இறக்கும்படி ஆகிவிடக் கூடாதென்று, யார் பக்கம் வந்த பந்தையும் ஃபிட்டரே விழுந்து விழுந்து எடுத்தார். கடைசி செட்டில் டிரைவருக்கு வந்த பந்துக்கும் பாய்ந்தார். குரல் கொடுக்கவில்லை. இரண்டு பேரும் மோதிக்கொண்டதில் ஃபிட்டரின் கணுக்கால் பிசகியது.

“மாநில பிளேயரை வச்சுக்கிட்டு வேடிக்கையா பாக்கறீங்க? அவனை எறக்குங்கய்யா!” என்று நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார் மேனேஜர்.

ஃபிட்டர் நொண்டிக்கொண்டு வந்து துரையின் காலரைப் பிடித்தார். பல்லைக் கடித்தபடி, “ஜெயிச்சுக் குடுத்துத் தொலை. நாளையிலேருந்து நீயே கேப்டனா இரு, போதுமா?” என்றார்.

துரை எழுந்தான். மேனேஜர் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஃபிட்டரின் காதருகே குனிந்தான்.

“அண்ணே, நான் அந்த மாநில டீமுக்குத் துணி தொவைச்சவன்.”