மறுபடி வரும் சைக்கிள்

சவுரிமுத்துவின் சைக்கிள் கடையிலிருந்து சோடாப் பெட்டிகள் ஒவ்வொன்றாகத் தெருவுக்கு வந்தன. பின்னாலேயே ஊறுகாய் ஜாடி, ஸ்டவ் திரி, ரிப்பன் கட்டு, போன கிறிஸ்துமஸுக்கு விற்காத காகித நட்சத்திரங்கள். ஆள் கடையைக் காலி செய்கிறான் என்று அரை மணி நேரத்தில் மேற்குத் தாம்பரம் முழுக்கப் பேச்சாகிவிட்டது.

மீன் கூடையோடு வந்த சின்னதம்பி சைக்கிளை விட்டுக் குதித்தான்.

"இன்னா மச்சான், கடைய மூடிகினு எங்க போறே?"

மூடவில்லை, இன்றைக்குத்தான் ஒழுங்காகத் திறக்கிறேன் என்றான் சவுரிமுத்து. அறுபத்தெட்டு ஈஸ்டருக்கு மறுநாள் அவன் கடை போட்டது பஞ்சர் ஒட்ட மட்டும்தான். 'இங்கே ஒட்டினால் மறுபடி வராது' என்று தன் கையாலேயே பலகை எழுதி மாட்டினான். அப்புறம் ஒருத்தர் சோடா கேட்டார், இன்னொருத்தர் ஊறுகாய் கேட்டார். இவனுக்கும் இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. மூன்றே வருஷத்தில் பலகை நட்சத்திரங்களுக்குப் பின்னால் போய்விட்டது.

அவன் கண்ணைத் திறந்தது அமலராணி டீச்சரின் சைக்கிள். அந்த வட்டாரத்தில் சைக்கிள் ஓட்டும் ஒரே டீச்சர் அவள். ஆறு வாரமாக, சனிக்கிழமை தவறாமல், பின் சக்கரம் சப்பையாகி வந்து நின்றது. டியூபை முக்கிப் பார்க்கும் தண்ணீர்த் தொட்டியில் சோடா பாட்டில்கள் குளிர்ந்துகொண்டிருந்தன. அதனால் முக்கிப் பார்க்காமலே, பழைய ஒட்டுத்தான் விட்டிருக்கும் என்று அவனே முடிவுகட்டி, அதைப் பிய்த்துவிட்டுப் புதிதாக ஒட்டி அனுப்பினான்.

போன சனிக்கிழமை டீச்சர் நட்சத்திரங்களை விலக்கி, பலகையைச் சத்தமாகப் படித்தாள். சவுரிமுத்துவுக்கு மானம் போயிற்று. அன்றைய ஒட்டை மட்டும் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒட்டினான். அதுவும் நிற்காவிட்டால் பலகையை அடுப்பில் வைத்துவிட்டு ஏதாவது ஃபாக்டரியில் போய்ச் சேர்ந்துவிடுவதாக மாதா மேல் ஆணையிட்டிருந்தான்.

"எனுக்கு ஒட்டுனது பொங்கல்லேர்ந்து அப்டியே கீது. கூடை மீனோட கோவளத்துலேர்ந்து மிதிச்சுகினு வரேன். உன் கைக்கு இன்னா கொறச்சல்?" என்றான் சின்னதம்பி. சவுரிமுத்து அதைக் காதில் வாங்காமல் தொட்டியைக் கழுவி, புதுத் தண்ணீர் நிரப்பினான்.

பத்து மணிக்கு டீச்சர் வந்தாள், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு. பின் சக்கரம் சப்பை. சவுரிமுத்துவுக்கு அங்கேயே உட்கார்ந்து அழலாம் போலிருந்தது.

டியூபை உருவிக் காற்றடித்துத் தண்ணீரில் முக்கினான். ஒரு குமிழிகூட வரவில்லை. சுற்றிச் சுற்றி முக்கினான், வால்வையும் முக்கினான். சின்னதம்பியும் மீனை மறந்து தொட்டிக்குள் தலையை நீட்டினான். தண்ணீர் அசையவே இல்லை.

"ஓட்டையே இல்ல டீச்சர்," என்றான் சவுரிமுத்து. "காத்து எப்படிப் போகுதுன்னே எனக்குப் புரியல. இந்தத் தொழிலுக்கு நான் லாயக்கில்ல, கடைய மூடிடறேன்."

அமலராணி டீச்சர் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தாள். காது வரைக்கும் சிவந்துபோயிருந்தாள்.

"மூடிடாதீங்க. வாராவாரம் தெருமுனையில காத்தைப் பிடுங்கி விடறதே நான்தான்."