ஒன்றும் மிஞ்சக்கூடாது

“ஆறு குளிசைக்கு மேலை தரமாட்டன் அம்மா. முடிய வந்து கேளுங்கோ.”

“நாளைக்குப் பொலிஸ் றவுண்டப் எண்டு லொட்ஜுக்குள்ளை அடைச்சு வைச்சால், என்ரை மனுசன் என்னத்தைக் குடிக்கிறது ஐயா?”

பாலசுந்தரம் குளிசைப் போத்தலை மூடினார். கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதியை ஒட்டிய ஒழுங்கையில் அவருடைய மருந்துக்கடை. டொக்டரின் மருந்துத் துண்டு கேட்பதை அவர் விட்டு எத்தனையோ காலம். ஆஸ்பத்திரிக்குப் போனால் அடையாள அட்டையைக் காட்டு, பொலிஸ் பதிவைக் காட்டு என்பார்கள் என்று சனம் நேரே அவரிடம்தான் வரும். ஆனால் வடக்காருக்கு மருந்தை மொத்தமாகக் கொடுத்தால், அது புலிகளின் கையிலிருந்த வன்னிக்குக் கடத்தத்தான் என்று பொலிஸ் நினைக்கும். கொடுத்தவரையும் சேர்த்து ஜீப்பில் ஏற்றும். ஆகவே அவர் கடையில் கிள்ளிக் கொடுப்பதுதான் வழக்கம், அள்ளிக் கொடுப்பதில்லை.

இதற்காகப் பக்கத்துக் கிளினிக் டொக்டர் புவாத்திடம் அவர் வாங்கும் ஏச்சுக் கொஞ்சமல்ல. “மிஸ்டர் பாலா, அரைவாசி மருந்துல தப்பின கிருமி அந்த மருந்துக்குப் பழகிடும். பொறகு பெட்டியோட குடுத்தாலும் அசையாது” என்று காணும்போதெல்லாம் சொல்லுவார். பாலசுந்தரமும் காணும்போதெல்லாம் தலையாட்டுவார். டொக்டரை ஜீப்பில் ஏற்றமாட்டார்களே.

“மனுசனுக்கு என்ன வருத்தம் எண்டனீங்கள்?”

“நெருப்புக் காய்ச்சல். முழுக்கக் குடிக்கவேணுமாம், இடையிலை விட்டால் ஆள் தப்பாதாம்.” அந்தப் பெண் சேலைத் தலைப்பால் கண்ணை ஒற்றிக்கொண்டாள்.

“ஊரிலை எவடம்?”

இந்தக் கேள்வியைக் கேட்காமல் எங்கள் ஆட்களுக்குச் சோறு செமிக்காது.

“ஒட்டுசுட்டான்.”

பாலசுந்தரம் கையிலிருந்த ஆறு குளிசையையும் கீழே வைத்தார். அவருடைய ஒரே தங்கச்சி கௌரி கலியாணம் கட்டிப் போயிருப்பது அங்கேதான். வன்னிப் பாதை பூட்டியபிறகு கடிதமும் இல்லை, கதையும் இல்லை. உயிரோடு இருக்கிறாளா என்றுகூடத் தெரியாமல் அவர் ஒவ்வொரு நாளும் செத்துப் பிழைத்துக்கொண்டிருந்தார். ‘எங்கடை கௌரியைத் தெரியுமோ’ என்ற கேள்வி நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் வன்னியில் உறவு இருக்கிறது என்று வெள்ளவத்தையில் நின்று வாய் திறக்கிற முட்டாள் யார்? விழுங்கிக்கொண்டார்.

“இப்ப அங்கை சனமெல்லாம் எப்பிடி, சுகமோ?”

“என்ன சுகம் ஐயா. வீட்டுக்கு வீடு காய்ச்சல். ஒரு பனடோலுக்கும் வழியில்லை.”

அதற்குமேல் அவருக்குப் பொறுக்கவில்லை. தங்கச்சிக்குத்தான் ஒன்றும் செய்ய முடியவில்லை, அவளுடைய ஊர்க்காரிக்காவது செய்வோம் என்று மனம் சொல்லிற்று. வாசலை எட்டிப் பார்த்தார். முழு மருந்தையும் எடுத்து ஒரு பால்மாப் பைக்குள் போட்டு நீட்டினார்.

“அம்மா, நான் சொல்லுறதை வடிவாய்க் கேளுங்கோ. காய்ச்சல் விட்டாலும் மருந்தை விடக்கூடாது. ஒரு குளிசைகூட மிஞ்சக்கூடாது.”

“மிஞ்சாது ஐயா. பிள்ளையாராணை ஒண்டும் மிஞ்சாது.”

அவள் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனாள். வாழ்க்கையிலேயே முதல் தடவையாக டொக்டர் சொன்னபடி செய்துவிட்ட பெருமை பாலசுந்தரத்துக்கு. அன்று அவர் வழக்கத்தைவிட ஒரு பிடி சோறு கூடச் சாப்பிட்டார்.

மாரி முடிந்த கையோடு, பயண அனுமதிப் பாஸ் எடுத்துக்கொண்டு வவுனியா வழியாகக் கௌரி வந்து சேர்ந்தாள். தங்கச்சி உயிரோடு வந்துவிட்டாள் என்று அழுது முடிக்க முன்னமே அவருக்கு அடுத்த அழுகை வந்துவிட்டது. தொட்ட கை சுட்டது, அவ்வளவு காய்ச்சல். தன் கடையிலிருந்து, அந்தப் பெண்ணுக்குக் கொடுத்த அதே குளிசையை, ஒரு வேளை தவறாமல், தன் கையாலேயே கொடுத்துப் பார்த்தார். காய்ச்சல் இறங்கவில்லை.

டொக்டர் புவாத் வீட்டுக்கே வந்தார்.

“ரத்தத்த டெஸ்ட் பண்ணியாச்சு மிஸ்டர் பாலா. நெருப்புக் காய்ச்சல்தான். ஆனா உங்கட குளிசைக்கு இந்தக் கிருமி அசையாது. முந்தி யாரோ அரகொறயாக் குடுத்துப் பழக்கியிருக்காங்க. இனி ஊசி மருந்துதான் ஏத்தணும். அதுவும் கேக்குமா எண்டு இப்ப சொல்லேலா.”

டொக்டர் போனதும் பாலசுந்தரம் கட்டிலருகே வந்து நின்றார்.

“ஆர் பிள்ளை உனக்கு அரைகுறையாய்க் குளிசை தந்தது? அந்த அறுவானைக் கட்டிவைச்சு உரிக்கவேணும்.”

“அப்பிடிச் சொல்லாதை அண்ணா, பாவம் கிடைக்கும்.” கௌரிக்கு மூச்சு வாங்கியது. “கொழும்பிலை ஆறுக்கு மேலை ஒருத்தரும் குடுக்கமாட்டினமாம். எங்கடை ஒழுங்கை நேசமலரக்காதான் எப்பிடியோ வாங்கி, பாவாடைக் கரைக்குள்ளை வைச்சுத் தைச்சுக் கொண்டுவந்தவ. ஒழுங்கை முழுக்க ஆளுக்கு ரெண்டு. எனக்கும் ரெண்டு தந்தவ, குடிக்கக் காய்ச்சல் உடனை விட்டிட்டுது. பிறகுதான் திரும்பி வந்தது.”

“நேசமலரோ?” பாலசுந்தரம் கட்டில் விளிம்பில் இருந்தார். “புருசனோடை லொட்ஜிலை வந்து நிண்டவவோ?”

“அவவுக்கு ஏது அண்ணா புருசன், கலியாணமே கட்டேல்லை” என்று அந்தக் காய்ச்சலிலும் சிரித்தாள் கௌரி. “ஆனால் வெள்ளவத்தையிலை ஒரு புண்ணியவான் பொலிசுக்கும் பயப்பிடாமல் முழுசாய்த் தூக்கிக் குடுத்தவராம். ஆரெண்டு விசாரிச்சு வை அண்ணா, எழும்பி நடந்தவுடனை நான் போய் அவரைக் கும்பிடவேணும்.”